கூரையில் ஒட்டவா, பின்னால் ஆர்ச் கட்டவா? பாய்மரப் படகில் சோலார் பேனல்

கேள்வி, ஜனவரி 6

34 அடிப் படகு, நாங்கள் இரண்டு பேர். ஒரு வருடம் படகிலேயே தங்கிச் சுற்றுவதாகத் திட்டம். ஃப்ரிட்ஜ், ஆட்டோபைலட், லேப்டாப் இரண்டு. 100 வாட் வளையும் பேனல் நான்கு வாங்கி கேபின் கூரையில் ஒட்டிவிடலாம் என்று இருக்கிறேன். எடை குறைவு, துளை போட வேண்டாம், பார்க்கவும் உறுத்தாது. கண்ணாடிப் பேனல் என்றால் பின்னால் குழாய் வளைத்து ஆர்ச் கட்ட வேண்டும், படகு படகு மாதிரியே இருக்காது. 400 வாட் போதும்தானே?

ஜனவரி 6, இரவு

ஒட்டாதீர்கள். காரணம் நாளை எழுதுகிறேன். நங்கூரம் நகர்கிற மாதிரி இருக்கிறது, மேலே போய்ப் பார்க்க வேண்டும்.

ஜனவரி 7

நகர்ந்தது பக்கத்துப் படகு. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எட்டு வருடத்துக்கு முன் நானும் இதே கணக்கைத்தான் போட்டேன். எங்கள் படகு 36 அடி. 100 வாட் வளையும் பேனல் இரண்டை பாய்மரத்துக்குப் பின்னால், கூரையின் இரு பக்கமும், அடிப்பரப்பு முழுக்கப் பசை தடவி ஒட்டினேன். முதல் வருடம் நண்பகலில் ஒவ்வொன்றும் 5 ஆம்ப் கொடுத்தது. பெருமையாக இருந்தது. இரண்டாம் வருடம் மூன்றரை. மூன்றாம் வருடம் ஒன்று 1 ஆம்புக்கு இறங்கியது, மற்றொன்றில் ஒரு செல்லின் மேல் நாணய அளவில் பழுப்புப் புள்ளி. தொட்டேன், விரல் சுட்டது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை.

உள்ளே இருக்கிற சிலிக்கான் செல்லின் தடிமன் கால் மில்லிமீட்டர் கூட இல்லை. கண்ணாடிப் பேனலில் அதைக் கண்ணாடி தாங்குகிறது. வளையும் பேனலில் அதைத் தாங்குவது உங்கள் கூரை. அந்தக் கூரை மேல்தான் பாய் இறக்கும்போது ஓடுகிறோம். மேலே மிதிக்கலாம் என்று பெட்டியில் எழுதியிருந்தது. மிதித்தோம். செல்களில் மயிரிழை விரிசல் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது. விரிசல் விட்ட செல்லால் மற்ற செல்களின் கரண்டைக் கடத்த முடியாது. அந்த ஆற்றல் முழுக்க அதே இடத்தில் சூடாக இறங்கும். பழுப்புப் புள்ளி அப்படி வந்ததுதான்.

இன்னொன்று வெப்பம். பேனலில் எழுதியிருக்கிற வாட், செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் குறையும். காற்றே புகாமல் ஒட்டிய பேனல் வெயிலில் 70 டிகிரியைத் தொடும். 45 டிகிரி கூடுதல், 18 சதவீதம் போச்சு. அந்தச் சூடு கீழே கேபினுக்குள்ளும் இறங்கும், அங்கேதான் நீங்கள் தூங்குகிறீர்கள்.

கழற்ற இரண்டு நாள் ஆனது. கிட்டார் கம்பியை இரு முனையிலும் கட்டையில் சுற்றி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து அறுத்தோம். ஜெல்கோட், அதாவது கூரையின் பளபளப்பான மேல்பூச்சு, திட்டுத் திட்டாகப் பெயர்ந்து கூடவே வந்தது. துளை போடக் கூடாது என்பதற்காக ஒட்டியவன் நான்.

ஜனவரி 7, மாலை

அந்தத் துளை விஷயமும் பாதிப் பொய். பேனலை ஒட்டினாலும் கேபிள் உள்ளே போக எங்கேயாவது துளைத்துத்தான் ஆக வேண்டும். தளத்தில் துளைத்தால், இரண்டு ஃபைபர் அடுக்குக்கு நடுவில் இருக்கும் மரத்தையோ ஃபோமையோ துளையைச் சுற்றிச் சுரண்டி, எபாக்சிப் பிசின் ஊற்றி நிரப்பி, அது இறுகிய பிறகு அதற்குள் மறுபடி துளையுங்கள். இதைச் சோம்பலில் விட்டால் தண்ணீர் உள்ளே இறங்கி, நாலைந்து வருடத்தில் கால் வைக்கும்போது தளம் அமுங்கும்.

ஜனவரி 9

வெப்பம், விரிசல் எல்லாம் இருக்கட்டும். என் பேனல்களைக் கொன்றது அவைதான், ஆனால் உயிரோடு இருந்தபோதே அவற்றை முடக்கியது நிழல். படகிலேயே அதிகம் நிழல் விழுகிற இடம் கேபின் கூரைதான். பாய்மரம், பூம் (பாயின் அடியை நீட்டிப் பிடிக்கும் கிடைக்கழி), பாய், பாய்மரத்தைத் தாங்கும் பக்கக் கம்பிகள், பூமின் மேல் சுருட்டி வைத்த பாய்க்கு ஓர் உறை. எல்லாம் அதன் தலைக்கு மேல்.

ஒரு நாள் நிழலே இல்லாத நேரம் பார்த்து ஒரு சோதனை செய்தேன். நல்ல வெயில், 5.4 ஆம்ப் வந்துகொண்டிருந்தது. ஒரு துண்டை மடித்து ஒரே ஒரு செல்லை மட்டும் மூடினேன். 36 செல்லில் ஒன்று. மூன்று சதவீதம் குறையும் என்று எதிர்பார்த்தால், ஏறக்குறைய ஒன்றுமே வரவில்லை.

ஏன் என்றால், 12 வோல்ட் பேனலில் 36 செல்லும் ஒரே சரம், ஒன்றன் பின் ஒன்றாக. ஒன்று அடைத்தால் சரம் முழுக்க அடைபடும். அதற்காகத்தான் பைபாஸ் டயோடு வைக்கிறார்கள்; பெரும்பாலும் 18 செல்லுக்கு ஒன்று. அடைபட்ட 18 செல்லைச் சுற்றி கரண்ட் போய்விடும். நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் ஒரு செல் கொடுப்பது அரை வோல்ட். மீதி 18 செல் சேர்ந்து 9 வோல்ட். 13 வோல்ட்டில் இருக்கும் பேட்டரிக்குள் 9 வோல்ட் எப்படி நுழையும்? பாதி பேனல் வேலை செய்கிறது, ஆனால் ஒரு துளி உள்ளே வராது.

ஆகவே முதலில் நிழல் விழாத இடத்தைத் தேடுங்கள். அந்த இடத்தின் அளவை எடுங்கள். அந்த அளவுக்குள் அடங்குகிற பேனலை வாங்குங்கள். நாம் எல்லோரும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறோம்.

ஜனவரி 9, சற்று நேரம் கழித்து

விட்டுப்போனது: பாய்மர உச்சியிலிருந்து படகின் பின்முனைக்கு வரும் பின்கம்பியின் நிழல் கூட பேனலைக் கெடுக்கும். ஆர்ச் கட்டினாலும் பின்கம்பி நேர் மேலேதான் இருக்கும், பார்த்து வையுங்கள்.

(இது தவறு. ஜனவரி 19 பாருங்கள்.)

ஜனவரி 10

400 வாட் போதுமா என்றால், ஒரு நாளைக்கு எவ்வளவு செலவாகிறது என்று அளந்திருக்கிறீர்களா? எங்கள் வீட்டுக் கணக்கு, 12 வோல்ட்டில்: வெப்பக் கடலில் ஃப்ரிட்ஜ் 45 முதல் 50 ஆம்ப்-மணி. லேப்டாப், போன் 20. விளக்கு, தண்ணீர் பம்ப், நங்கூர விளக்கு எல்லாம் சேர்த்து 10. நங்கூரத்தில் நின்றால் 80க்குள். ஓடும்போது ஆட்டோபைலட் சராசரியாக 2.5 ஆம்ப் இழுக்கும், இரவும் பகலும் என்றால் 60. வரைபடத் திரை, பக்கத்துக் கப்பல்களைக் காட்டும் ஏஐஎஸ், ரேடியோ 30. லேப்டாப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாலும் 160 ஆகிவிடும்.

வரவுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. தட்டையாக வைத்த பேனலின் வாட்டை 3ஆல் வகுத்தால் நாள் ஒன்றுக்குக் கிடைக்கும் ஆம்ப்-மணி. 400 வாட் என்றால் 130. நங்கூரத்தில் மீதம், ஓட்டத்தில் பற்றாது. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும், ஓட்டத்தில் எஞ்சினை ஒரு மணி நேரம் போட வேண்டியிருக்கும்.

கூரையில் ஒட்டிய 400 வாட்டுக்கு இந்தக் கணக்கைப் போடாதீர்கள். அதற்கு 6ஆல் வகுத்தாலும் ஆச்சரியமில்லை.

ஜனவரி 12

"என் வளையும் பேனல் ஐந்து வருடமாக ஓடுகிறது, சும்மா பயமுறுத்தாதீர்கள்" என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். பிமினித் துணியின் மேல், அதாவது படகின் பின்பக்கம் உட்காருபவர்களின் தலைக்கு மேல் கட்டும் நிழல்கூரையின் மேல். பேனலுக்கு அடியில் இரட்டைச் சுவர் பாலிகார்பனேட் தகடு, ஓரங்களில் ஜிப் தைத்துத் துணியோடு பிணைத்திருக்கிறார். தகட்டுக்குள் இருக்கும் குழல்கள் வழியே காற்று போகிறது, பேனல் துணியோடு சேர்ந்து படபடப்பதும் இல்லை, யாரும் மேலே மிதிப்பதும் இல்லை. புயல் வரும் என்றால் ஜிப்பை இழுத்து, கழற்றி உள்ளே வைத்துவிடுகிறார்.

அப்படியென்றால் சரி. நான் திட்டியதில் பாதி பேனலைச் சேரும், பாதி என் பசையைச் சேரும். மேல்தோல் ஈடிஎஃப்ஈ என்ற பிளாஸ்டிக் உள்ளதாகப் பாருங்கள். சாதா பிஇடி பிளாஸ்டிக் வெயிலில் சீக்கிரம் மங்கிப்போகும்.

ஜனவரி 15

ஆர்ச் படகை விகாரமாக்கும் என்றீர்கள். ஆமாம், ஆக்கும். எங்கள் படகை முன்னால் இருந்து மட்டும் படம் எடுங்கள் என்று மனைவி சொல்வார். ஆனால் பூமின் முனைக்கும் பின்னால், எல்லாவற்றுக்கும் மேலே, நிழலுக்கு எட்டாத இடம் 36 அடிப் படகில் வேறு இல்லை.

எங்களுடையது 200 வாட் கண்ணாடிப் பேனல் இரண்டு. இப்போதைய பேனல்களில் 200 வாட்டுக்கு ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் வேண்டும். ஒவ்வொன்றும் 11 கிலோ. முதலில் 25 மில்லிமீட்டர் குழாயில் நான்கு கால் நட்டு மேலே சட்டம் போட்டேன். துறைக்குள் எஞ்சின் மெதுவாக ஓடும்போது அது நடுங்கியதைப் பார்த்தால், அதற்குக் குளிர் காய்ச்சல் என்று நினைப்பீர்கள். பிறகு கால்களிலிருந்து பின்வேலிக்கு இரண்டு சாய்வுக் குழாய் கொடுத்தேன், நின்றது. குழாயைத் தடிமனாக்குவதை விட முக்கோணம் ஆக்குவது மேல்.

காற்று என்ன செய்யும் என்பதையும் பாருங்கள். 30 நாட் (மணிக்கு 30 கடல் மைல்) காற்று ஒரு சதுர மீட்டரில் நேருக்கு நேர் மோதினால் ஏறக்குறைய 15 கிலோ விசை. காற்று இரட்டிப்பானால் விசை நான்கு மடங்கு. 60 நாட்டில் 60 கிலோ. இரண்டு பேனலுக்கு 120. தட்டையாகப் படுத்திருக்கும் பேனலில் அவ்வளவு வராது, ஆனால் படகு அலையில் மூக்கைத் தூக்கும்போது எதுவும் தட்டையாக இல்லை, காற்று அடியில் புகுந்து தூக்கப் பார்க்கும். பேனலோடு வந்த மெல்லிய அலுமினியக் கொக்கி நான்கை நம்பாதீர்கள். சட்டத்தின் நீள வாட்டத்தில் இரண்டு ஓரமும் கோணத் தகட்டில் உட்கார வேண்டும், ஒவ்வொரு போல்ட்டுக்கும் பூட்டு நட் வேண்டும்.

அப்புறம், நீங்கள் வேண்டாம் என்றாலும் ஆர்ச் ஒரு கைப்பிடி ஆகிவிடும். சிறு படகிலிருந்து ஏறும் ஒவ்வொருவரும் அதைத்தான் பிடிப்பார்கள். 90 கிலோ ஆள் ஒருவர் தொங்குவார் என்று வைத்தே கட்டுங்கள்.

ஜனவரி 16

வெயிலுக்கு ஏற்பச் சாய்க்கும் வசதி வேண்டுமா என்று கேட்டார்கள். 50 டிகிரி அட்சரேகையில் குளிர்காலம் கழிப்பவர் என்றால் வேண்டும். டிசம்பர் கடைசியில் நண்பகல் சூரியனே அங்கே 16 டிகிரி உயரத்தில்தான் நிற்கும், தட்டைப் பேனலுக்கு நேரொளியில் கால் பங்கு சொச்சம்தான் கிடைக்கும். பூமத்திய ரேகைப் பக்கம் சுற்றுபவருக்கு எதற்கு? நங்கூரத்தில் படகு பத்து நிமிடத்துக்கு ஒரு முறை திரும்பும். முதல் மாதம் ஓடி ஓடிச் சாய்த்தேன். இரண்டாம் மாதம் பேனலைச் சாய்க்கும் கீலில் உப்பு ஏறி இறுகியது, நிம்மதி.

ஜனவரி 19

பின்கம்பி நிழல் பற்றி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஒரு வாசகர் "அளந்து பார்த்தீர்களா?" என்று ஒரே வரியில் கேட்டார். இல்லை. நேற்று அளந்தேன். 7 மில்லிமீட்டர் கம்பி, பேனலுக்கு மேலே இரண்டு மீட்டர் உயரத்தில் கடக்கிறது. அதன் நிழல் பேனலில் விழும்போதும் விலகியபோதும் பார்த்தேன். வித்தியாசம் 5 சதவீதத்துக்குள்.

யோசித்தால் காரணம் தெரிகிறது. சூரியன் ஒரு புள்ளி இல்லை, வானில் அரை டிகிரி அகலமுள்ள வட்டு. ஒரு பொருளின் முழு இருட்டு நிழல், அதன் அகலத்தைப் போல 107 மடங்கு தூரத்தில் முடிந்துவிடும். 7 மில்லிமீட்டர் கம்பிக்கு முக்கால் மீட்டர். அதற்கு அப்பால் விழுவது கரைந்துபோன மங்கல். செல்லின் அகலம் 156 மில்லிமீட்டர் என்றால், அதில் 7 மில்லிமீட்டர் அளவு வெளிச்சம்தான் குறைகிறது, அதுவும் பரவலாக. பூம் அப்படியில்லை; 15 சென்டிமீட்டர் அகலம், 16 மீட்டர் தள்ளி இருந்தாலும் நடுவில் இருட்டு மிஞ்சும்.

ஆகவே கம்பிகளை விடுங்கள். பூம், பாய், ரேடார் கம்பம், கொடி. கொடியைச் சொல்கிறேனே என்று சிரிக்காதீர்கள். நங்கூரத்தில் நிற்கும்போது பூமை ஒரு கயிற்றால் பக்கவாட்டில் இழுத்துக் கட்டுங்கள், பேனலைத் தொடாமலே வரவு கூடும்.

ஜனவரி 23

கேபிள். சலிப்பான விஷயம், ஆனால் எனக்கு இதில் ஒரு பழைய காயம் உண்டு.

கூரைப் பேனலுக்குப் போட்ட 2.5 சதுர மில்லிமீட்டர் கேபிள் மிச்சம் இருந்தது. வீணாக்குவானேன் என்று ஆர்ச் பேனலுக்கும் அதையே போட்டேன். ஆர்ச்சிலிருந்து பேட்டரி அறைக்கு 7 மீட்டர், போகவும் வரவும் 14. செம்பின் மின்தடையை வைத்துப் போட்டால் 0.1 ஓம். என் பேனல்கள் 20 வோல்ட், 10 ஆம்ப். இரண்டையும் பக்க இணைப்பில் சேர்த்திருந்தேன், 20 ஆம்ப். 2 வோல்ட் வழியிலேயே காலி. 40 வாட். படகை மாற்றாமல், பேனலை மாற்றாமல், வயரில் மட்டும் பத்தில் ஒரு பங்கு. 6 சதுர மில்லிமீட்டருக்கு மாற்றியதும் 16 வாட்டாகக் குறைந்தது. இரண்டையும் தொடராக இணைத்தால் 10 ஆம்ப்தான் ஓடும், அதே கேபிளில் இழப்பு 4 வாட்.

அப்போ தொடரா, பக்கமா? முன்பெல்லாம் நிழல் விழும் படகுக்குப் பக்க இணைப்புதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இப்போது அவ்வளவு உறுதியில்லை. ஜனவரி 9ல் சொன்ன 9 வோல்ட் கதையை நினைத்துப் பாருங்கள். பக்க இணைப்பில், ஒரு செல் மூடிய பேனல் முழுக்கச் செத்த மாதிரிதான். தொடரில் டயோடு குறுக்கே வழி விட்டால், மூடிய பாதி மட்டும் போகும், மீதி மூன்று பாதிகளும் சேர்ந்து 30 வோல்ட் கொடுக்கும், பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் அதை எடுத்துக்கொள்ளும். ஆனால் இரண்டு பேனலிலும் நிழல் சிதறி விழுந்தால் இந்தக் கணக்கு மாறும்.

நான் விவாதத்தை விட்டுவிட்டேன். பேனலுக்கு ஒன்றாக இரண்டு சிறிய எம்பிபிடி கன்ட்ரோலர், பேனலின் முழுத் திறனையும் எடுத்துப் பேட்டரியின் வோல்ட்டுக்கு மாற்றித் தரும் வகை. ஒன்று மங்கினால் மற்றொன்றுக்குத் தெரியவே தெரியாது. ஒன்று நடுக்கடலில் செத்தாலும் பாதி மின்சாரம் மிஞ்சும்.

பிடபிள்யூஎம் என்ற எளிய வகைக் கன்ட்ரோலர் மலிவு என்று ஆசைப்படாதீர்கள். அது பேனலைப் பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு இழுத்துவிடும்: 10 ஆம்ப் பெருக்கல் 13, 130 வாட். 200க்கு வாங்கிவிட்டு 130ஐ எடுப்பது.

ஜனவரி 24

மூன்று பேனலைத் தொடராக்கி 75 வோல்ட் கன்ட்ரோலரில் போடலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். திறந்த நிலையில், அதாவது கரண்ட் ஓடாதபோது, ஒன்று 24 வோல்ட் என்றால் மூன்று 72, உள்ளே அடங்குகிறது என்று தெரியும். ஆனால் குளிரில் வோல்டேஜ் ஏறும், டிகிரிக்கு 0.3 சதவீதம். 5 டிகிரிக் காலையில் 76 ஆகிவிடும். எண் வரம்பைத் தாண்டினால் கன்ட்ரோலர் எச்சரிக்கை மணி அடிப்பதில்லை, செத்துவிடுகிறது.

இணைக்கும்போது பேட்டரியை முதலில், பேனலைக் கடைசியில். கழற்றும்போது தலைகீழ். வேலை முடியும் வரை பேனல் மேல் போர்வை. பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ்.

பிப்ரவரி 2

கேபிள் என்றதும் நினைவுக்கு வந்தது. இது பேனல் தேர்வுக்குச் சம்பந்தமில்லாதது, ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும்.

ஆர்ச் கட்டிய முதல் வருடம், ஆட்டோபைலட்டுக்குப் பைத்தியம் பிடித்தது. காலையில் நேராகப் போகும். பத்து மணிக்கு மேல் மெல்ல ஒரு பக்கம் ஒதுங்கும். நண்பகலில் 12 டிகிரி தள்ளிப் போகும். மாலையில் தானாகவே திருந்திவிடும். நீரோட்டம் என்றேன், சுக்கான் என்றேன், மென்பொருள் என்றேன். மேகம் மூடினால் படகு நேராவதை மனைவிதான் கவனித்தார்.

ஆட்டோபைலட்டின் மின்னணுத் திசைகாட்டி பின்கட்டிலின் அடியில் இருந்தது. புதுக் கேபிள் இழுக்கும்போது ப்ளஸ்ஸை இடப்பக்கப் பெட்டி வழியாகவும், மைனஸை வசதிக்காக வலப்பக்கமாகவும் கொண்டுபோயிருந்தேன். ப்ளஸ் கேபிள் திசைகாட்டிக்கு அரை மீட்டர் தள்ளிப் போனது. 20 ஆம்ப் ஓடும் ஒற்றைக் கம்பி அரை மீட்டரில் 8 மைக்ரோடெஸ்லா காந்தப்புலம் உண்டாக்கும். பூமியின் புலமே இடத்தைப் பொறுத்து 25 முதல் 65 மைக்ரோடெஸ்லாதான். திசைகாட்டி அதற்குத் தெரிந்ததைச் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

ப்ளஸ்ஸையும் மைனஸையும் சேர்த்து முறுக்கி ஒரே வழியில் கொண்டுபோனேன். இரண்டின் புலமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அன்றிலிருந்து தொல்லை இல்லை. ஒரு மாதம் மட்டும் எங்கள் படகின் பெயர் சூரியகாந்தி.

பிப்ரவரி 3

இல்லை, கன்ட்ரோலரை நிறுத்திப் பார்க்கத் தோன்றவில்லை. இவ்வளவு பேர் கேட்பீர்கள் என்று தெரிந்திருந்தால் அந்தக் கதையையே எழுதியிருக்க மாட்டேன்.

நிறுத்திப் பார்ப்பதில் இன்னொரு பயனும் உண்டு. நீண்ட தூர ரேடியோவில் இரைச்சல் கேட்டால் கன்ட்ரோலரை அணைத்துப் பாருங்கள். எம்பிபிடி உள்ளே வேகமாகத் திறந்து மூடுவதால் ரேடியோ இரைச்சல் கிளம்பும். கேபிளில் ஃபெரைட் வளையம் மாட்டினால் குறையும். வானிலை அறிக்கை கேட்கும் கால் மணி நேரம் அணைத்து வைப்பது இன்னும் எளிது.

பிப்ரவரி 11

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். அவருக்கு ஒரு வேலை கொடுத்திருந்தேன்: பேனல் அளவில் அட்டை வெட்டி, வைக்க நினைக்கும் இடங்களில் எல்லாம் கட்டி, மணிக்கு ஒரு படம் எடுங்கள் என்று. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து எடுத்தாராம். கூரை அட்டைகள் நான்கிலும் நிழலே இல்லாத படம் ஒன்று கூட இல்லை. பின்னால் கட்டிய அட்டையில், ரேடார் கம்பத்தின் நிழல் காலை ஒன்பது வரை. பிமினி மேல் கட்டியதில் பூமின் முனை நண்பகலுக்குச் சற்று முன்பும் பின்பும். பிமினி அட்டையைக் கை நீளம் பின்னால் தள்ளியதும் அதுவும் போய்விட்டது.

அவர் முடிவு: ஆர்ச் இல்லை. பிமினியின் குழாய்ச் சட்டத்தைப் பின்னால் நீட்டி, அதன் மேல் கண்ணாடிப் பேனல் இரண்டு, ஒவ்வொன்றும் 175 வாட். ஆக 350. ஒட்டிய 400ஐ விட இது அதிகம் கொடுக்கும் என்று எழுதிக் கொடுக்கிறேன். பிமினிக் குழாய் நிழல்துணியைத் தாங்கச் செய்தது, 22 கிலோவைத் தாங்கச் செய்ததில்லை; முன்காலுக்கும் பின்காலுக்கும் சாய்வுக் குழாய் கொடுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

வேலிக் கம்பியில் கீல் வைத்து இன்னும் ஒன்று மாட்டட்டுமா என்கிறார். நங்கூரத்தில் அருமையான இடம். ஓட்டத்துக்கு முன் கழற்றி உள்ளே வையுங்கள். நான் மடக்கி மட்டும் விட்டேன். பக்கத்திலிருந்து வந்த ஒரே அலை, வேலிக் கம்பத்தையும் சேர்த்து வளைத்துவிட்டுப் போனது.

மார்ச் 20

நீண்ட ஓட்டம் முடிந்து வந்தேன். ஜனவரி 10 கணக்கைத் திருத்துகிறேன்: 3ஆல் வகுக்காதீர்கள், 4ஆல் வகுங்கள்.

பதினொரு நாள் மேற்கு நோக்கியே ஓடினோம். காலையில் சூரியன் முதுகுக்குப் பின்னால், பேனலுக்குக் கொண்டாட்டம். நண்பகல் தாண்டியதும் சூரியன் முன்னால் போய்விடும், பாய்கள் இரண்டும் அதற்கும் ஆர்ச்சுக்கும் நடுவே சுவர் மாதிரி நிற்கும். மதியம் இரண்டுக்குப் பிறகு வரவு சொல்லும்படி இல்லை. 400 வாட்டுக்கு நாள் சராசரி 90 ஆம்ப்-மணி. செலவு 160. நிழலே விழாத இடம் என்று ஆர்ச்சைப் பற்றி நான் பீற்றிக்கொண்டது நங்கூரத்துக்கு மட்டும் பொருந்தும்.

2010 முதல் 2012 வரை சூரிய ஒளியிலேயே உலகைச் சுற்றிய பிளானட்சோலார் படகில் 537 சதுர மீட்டர் பேனல். அவர்களுக்குப் பாய் கிடையாது. கொடுத்துவைத்தவர்கள்.

இன்னொன்று: உப்பு. ஐந்தாம் நாளே பேனல் வெள்ளையாக இருந்தது. விடியற்காலைப் பனி ஈரத்தில் துணியால் துடைத்தால் நல்ல தண்ணீர் செலவில்லை. வெயில் ஏறிய பிறகு காய்ந்த உப்பைத் தேய்த்தால் கண்ணாடி கீறும்.

ஏப்ரல் 4

ஆர்ச் சோதனை. 16 போல்ட்டில் இரண்டு தளர்ந்திருந்தன, பூட்டு நட் இல்லாத அதே இரண்டு. பேனலின் அலுமினியச் சட்டமும் ஸ்டெயின்லெஸ் கோணமும் தொடும் ஓரிடத்தில் வெள்ளைப் பொடி. இரண்டு உலோகமும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் அலுமினியம் கரையும். மற்ற எல்லா இடத்திலும் நைலான் வாஷரும் தடுப்புப் பசையும் போட்டவன், அந்த ஒரு மூலையில் வாஷர் தீர்ந்துபோனதால் "பிறகு பார்க்கலாம்" என்று விட்டது நினைவிருக்கிறது. நான்கு வருடம் ஆகிவிட்டது அந்தப் பிறகு வர.

ஸ்டெயின்லெஸ் நட்டை இறுக்கும்போது இழையில் கொஞ்சம் கிரீஸ். வறண்ட இழையை வேகமாக இறுக்கினால் இரண்டும் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும், அப்புறம் ரம்பம்தான்.

ஏப்ரல் 17

கேள்வி கேட்டவரின் 350 வாட் முதல் வாரத்தில் நாளுக்கு 95 ஆம்ப்-மணி சராசரி. நங்கூரத்தில். எனக்கே பொறாமை.

ஏப்ரல் 18

பொறாமைக்குப் பலன். இன்று நண்பகலில் என் இடப்பக்கப் பேனல் 4 வாட் காட்டியது, வலப்பக்கம் 170. டயோடு போச்சு என்று நினைத்தேன். மல்டிமீட்டர், திருப்புளி, உதிரி கனெக்டர் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு ஆர்ச் மேல் ஏறினேன். மூலையில், ஒன்றரைச் செல் அகலத்துக்கு, காலையில் குளித்துவிட்டு நான் காயப்போட்ட துண்டு.